மாலினியின் புளியோதரை

வாழைப்பூவின் மூன்றாவது மடலை உரித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அந்தப் பேர் வந்தது. மாலினி. தையல்நாயகியின் கை அப்படியே நின்றது. கூடத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள், அவள் புருஷன் கலியபெருமாள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்து, எந்த வண்டி எப்போது வந்தது எப்போது போனது என்று எழுதி எழுதியே ஓய்வுபெற்ற மனிதர். அவருக்கு எதிரே ஸ்டூலில், தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்துவைத்த போன். போனுக்குள் ஒரு பெண்குரல். அந்தக் குரலிடம்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "மாலினி ரொம்ப அழகுன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா அவ நிக்கிறப்ப பாத்துக்கிட்டே இருக்கலாம்." தையல்நாயகிக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அடைத்த காதிலும் அடுத்த வார்த்தை துல்லியமாக விழுந்தது, அதுதான் கொடுமை. "மிக அழகான நினைவு. மாலினியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றது போன். இவர் கனைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு மைக்கில் வண்டிகளை அறிவிப்பதற்கு முன்னால் கனைப்பாரே, அந்தக் கனைப்பு. வீட்டில் அவர் கனைத்து அவள் கேட்டதே இல்லை. வீட்டில் என்ன பேசப் போகிறார், கனைத்துக்கொண்டு? சாப்பாடு ஆச்சா, குழாயில தண்ணி வந்துச்சா, கரண்டு பில் எங்க. இதற்கெல்லாம் எவன் கனைப்பான்.

நூலகத்தில் முதியவர்களுக்கு இலவச வகுப்பு என்று மூன்று வாரத்துக்கு முன்னால் போனார். செயற்கை நுண்ணறிவாம். கேட்டால் பதில் சொல்லுமாம், பாட்டுக் கட்டுமாம், படம் வரையுமாம், கதை எழுதுமாம். செவ்வாயும் வியாழனும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கிளம்பிப் போனார். ஷபானா என்று ஒரு பெண் சொல்லித்தருகிறாள், நல்ல பொறுமைசாலி, அதைச் சொன்னதே அதிசயம். முதல் நாள் திரும்பிவந்தபோது தையல்நாயகி கேட்டாள், என்ன சொல்லிக் குடுத்தாங்க? "எல்லாந்தான்" என்றார். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷமாக அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த 'எல்லாந்தான்' ஒன்றே பதில். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இவள் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டாள், எங்க வீட்டுக்காரர் வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது என்று. மகள் பூங்கொடிதான் ஓசூரிலிருந்து அந்தப் போனை வாங்கி அனுப்பினாள், அப்பா போரடிச்சுப் போயிருவாரும்மா என்று. போரடிக்கிற ஆளைப் பார், இப்போது எப்படி மணிக்கணக்காக வாய் வலிக்காமல் பேசுகிறார். அதிலும் 'நீங்க' போட்டு. "நீங்களே சொல்லுங்க, அந்த எடத்துல என்ன எழுதலாம்?" என்று ஒரு தகர டப்பாவிடம் யோசனை கேட்கிறார். பூங்கொடி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடத் தன்னிடம் நீயே சொல்லு என்று ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்.

பூவிலிருந்து கள்ளனைப் பிடுங்கவேண்டும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் விறைத்துக்கொண்டு நிற்கும் வேகாத நரம்பு, அதற்குக் கள்ளன் என்று பேர் வைத்தவள் கட்டாயம் ஒரு கல்யாணமானவளாகத்தான் இருக்கவேண்டும். நூறு பூ இருக்கிறது என்றால் நூறு கள்ளன். ஒன்றை விட்டாலும் கூட்டு நாக்கில் உறுத்தும். தையல்நாயகி நுனியை நசுக்கிப் பிடுங்கினாள், பிடுங்கிப் போட்டாள், விரலெல்லாம் கருத்தது. யார் இந்த மாலினி? பஸ் ஸ்டாண்டில் பழம் விற்றவளா? டிக்கெட் ரிசர்வேஷனில் ஒருத்தி இருந்தாள், உயரமாக, அவள் பேர் ஜெயசீலி. மகாமகம் வந்த வருஷம் ஒத்தாசைக்கு வந்த போலீஸ்காரி? இல்லை, அவள் பேர் ஏதோ ராணி என்று முடியும். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் பட்டுக்கோட்டையில் அத்தை வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாராம், அங்கே யாராவது? மாலினி. எவ்வளவு வழுக்கலான பேர், வாயில் போட்டால் கரைந்துபோகும். தன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸே கிளம்பிப் போய்விடும். வைத்தீஸ்வரன்கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றதற்கு அம்மா வைத்த பேர், ஒரு வாத்தியார்கூட அதை முழுசாகக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. 'இந்தா' என்பார். பூங்கொடி பிறந்த பிறகு 'பூங்கொடியம்மா'. மாலினிக்கு மட்டும் பேர் இருக்கிறது. அதை அவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்கிறார், மாலினி, மாலினி, வெற்றிலைச் சாறு மாதிரி ருசித்து ருசித்து.

"அப்ப மத்தியானம் ஒரு மணி பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுல்ல" என்று ஆரம்பித்தார் கூடத்தில். "ஒரே கூட்டம். நான் மைக்கைப் புடிச்சு வண்டி வண்டியாச் சொல்லிக்கிட்டு இருப்பேன். மாலினி டிபன் கேரியர் எடுத்துக்கிட்டு வருவா. நீலச் சேலை கட்டியிருப்பா. வந்து கூப்பிட மாட்டா. சோடாக் கடைக்கிட்ட ஒரு தூணு இருக்கும், அதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நான் பேசுறதைப் பாத்துக்கிட்டே இருப்பா. நான் பாக்கலைன்னு நெனச்சுக்குவா. நான் பாத்துருவேன். பாத்துட்டு, இன்னும் ரெண்டு வண்டி சேத்துச் சொல்லுவேன். வராத வண்டியக்கூடச் சொல்லியிருக்கேன். எதுக்குன்னா, முடிச்சுட்டேன்னா அவ வந்து கேரியரைக் குடுத்துட்டுப் போயிருவாள்ல." சிரித்தார். சிரிப்புச் சத்தம் தையல்நாயகிக்கு அடையாளமே தெரியவில்லை, யாரோ ஒரு இளவட்டம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல. அவள் கையிலிருந்த மடல் மோர்த் தண்ணீர்ப் பாத்திரத்தில் நழுவி விழுந்து முகத்தில் தெறித்தது. ஊர்ப் பேரை மாற்றிச் சொன்னால் ஆயிற்றா, அந்தத் தூண் என்னுடையது. அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், மெதுவாக. அந்தத் தூண் என்னோடது. கல்யாணமான புதிதில் ஏழெட்டு மாசம், சாப்பாடு எடுத்துப்போகும் தூக்குக்காரன் வேண்டாம், தினமும் நானே கொண்டுபோகிறேன் என்று கொண்டுபோய், சோடாக் கடைத் தூணுக்குப் பின்னால் நின்றவள் அவள். அவர் குரல் அந்த மைக்கில்தான் அவ்வளவு கம்பீரமாக இருக்கும், வீட்டில் கேட்கக் கிடைக்காது, அதனால் நின்றாள். அப்படியானால் அவள் நிற்பதற்கு முன்னாலேயே இன்னொருத்தி நின்றிருக்கிறாள். இல்லை, அப்புறமா? பூங்கொடி வயிற்றில் வந்து இவள் சாப்பாடு கொண்டுபோவதை நிறுத்தினாளே, அதற்கப்புறமா? எச்சில் தூண். "கேரியரைத் தொறந்தா புளியோதரை வாசனை அடிக்கும்" என்றார் அவர், அப்போதுதான் அவளுக்கு உறுதியாயிற்று. தையல்நாயகி பஸ் ஸ்டாண்டுக்குப் புளியோதரை கொண்டுபோனதே கிடையாது. வெயிலுக்கு ஆகாது என்று எப்போதும் தயிர்சாதம்தான், மோர்மிளகாய் இரண்டு. அந்தச் சண்டாளி புளியோதரை கொடுத்திருக்கிறாள்.

வயிறு எரிந்தது. அறுபத்திரண்டு வயசில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எவளோ எந்தக் காலத்திலோ கொடுத்த புளியோதரைக்கு வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் எரிச்சலை அணைக்கவில்லை. அந்தப் புளியோதரையில் நிலக்கடலை போட்டிருப்பாளா, கடலைப்பருப்பு போட்டிருப்பாளா என்று மனம் ஓடியது. நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருப்பாள், மயக்குகிறவள் கஞ்சத்தனம் பார்ப்பாளா. போன தீபாவளிக்கு இவள் கிளறிய புளியோதரையை ஒரு வாய் வைத்துவிட்டு 'ம்' என்றாரே, அந்த 'ம்' எதற்கு? அதனோடு இதை ஒப்பிட்டா? இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருந்த பூனை, பால், தயிர், புளியோதரை எல்லாம் ஒரு கை பார்த்திருக்கிறது. கேட்டுவிடலாமா? நேரே கூடத்துக்குப் போய், யாருங்க அவ? கேட்டால் 'எல்லாந்தான்' என்பார். இல்லையென்றால் உண்மையைச் சொல்லிவிடுவார், அது அதைவிடப் பயம். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. ஒன்பது பத்து வண்டி ஒன்பது பதினொன்றுக்குப் போனால் பதினொன்று என்றுதான் எழுதுவார், வண்டி முதலாளி மகன் வந்து கெஞ்சினாலும். கேட்டால் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள், இந்த வாழைப்பூவை எங்கே கொண்டுபோய் வைப்பாள், மத்தியானம் யாருக்குச் சோறு போடுவாள்? சட்டை. நேற்று வகுப்புக்குப் போட்டுப்போன சட்டை கொல்லைப்பக்கம் வாளியில் கிடக்கிறது, இன்னும் நனைக்கவில்லை. அவள் எழுந்தாள். முட்டி படக்கென்றது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவியிருக்கிறாள், சில்லறைக்காக. இன்றைக்குத் துழாவுகிற கை வேறு.

பையில் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது. கண்ணாடி அடுக்களையில். தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படித்தாள். 'தொடக்க நிலை மாணவர்களுக்கு' என்று தலைப்பு. மாணவராம். உங்கள் பெயர், குடும்பத்தார் பெயர், முகவரி, ஆதார் எண் எதையும் கருவியிடம் கொடுக்காதீர்கள், வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் போட்டிருந்தது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சொல்லுங்கள். கருவி எழுதித்தருவதை அப்படியே நம்பாதீர்கள், அது இல்லாததையும் சேர்க்கும். கருவியின் உதவியோடு எழுதியதை முழுக்க நானே எழுதியது என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பயிற்சி: உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றிப் பத்துப் பக்கத்தில் சிறு புத்தகம். தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அவர் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி, வந்த நேரம் போன நேரம் எழுதுகிற அதே மாதிரி. இந்தப் பக்கம் கும்பகோணம், அந்தப் பக்கம் பட்டுக்கோட்டை. இந்தப் பக்கம் பச்சைச் சேலை, அந்தப் பக்கம் நீலச் சேலை. டெலிபோன் ஆபீஸ், ஆஸ்பத்திரி. நாகப்பட்டினம், புதுக்கோட்டை. தயிர்சாதம், புளியோதரை. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், இந்தப் பக்கம் 'தை.' என்று ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும். அந்தப் பக்கம் மாலினி.

சிரிப்பு வந்தது. தயிர்சாதத்தை வைத்துத் தன்னை எவன் கண்டுபிடிக்கப் போகிறான்? டிபன் கேரியரில் தயிர்சாதமா, ஆகா, இது கும்பகோணம் தையல்நாயகியேதான் என்று அமெரிக்காவிலிருந்து ஆள் வரப்போகிறானா? விதி என்று ஒன்றைப் போட்டுவிட்டால் இந்த மனுஷனுக்கு அதில் அரை அங்குலம் விலகத் தெரியாது. பிழிந்த துணியை மறுபடி பிழிகிற மாதிரி நன்றாகச் சிரித்தாள், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடி தனியாக. சரி, போயிற்று, மாலினி என்று ஒருத்தி இல்லவே இல்லை, தூண் தன்னுடையதுதான், எழுந்துபோய் மிச்சக் கள்ளனைப் பிடுங்கலாம் என்று எழுந்தவளுக்கு, வாசல்படி தாண்டுவதற்குள் மறுபடி எரிய ஆரம்பித்தது. இந்தத் தடவை இன்னும் உள்ளே. அவர் பார்த்திருக்கிறார். தூணுக்குப் பின்னால் அவள் நின்றதை அவர் பார்த்திருக்கிறார், வராத வண்டியையெல்லாம் மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். ஊரே கேட்கக் கேட்க அவளுக்காக வேண்டி மன்னார்குடி வண்டி, திருவாரூர் வண்டி என்று. அதை அவளிடம் சொல்லவேயில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரே கூரைக்கடியில் வைத்துக்கொண்டு சொல்லாததை, மூன்று வாரப் பழக்கத்தில் அந்தக் குரலிடம் சொல்லிவிட்டார். 'நிக்கிறப்ப பாத்துக்கிட்டே இருக்கலாம்' என்று சொன்னது யாரை? மாலினியை. சிரித்தது யாரை நினைத்து? மாலினியை. தையல்நாயகிக்குக் கிடைத்தது ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும். மற்றதெல்லாம் மாலினிக்குப் போய்விட்டது. உலகத்தில் எல்லாப் பெண்டாட்டிக்கும் சக்களத்தி எங்கிருந்தாவது வருவாள், தனக்குத் தன்னிடமிருந்தே ஒருத்தியை உரித்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். அவளைத் திட்டவும் முடியாது. பேர் வேறு எங்கே பிடித்தார்? மாலினி. அடுக்களை மணையில் உட்காரும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. மாலினி ஒரு பஸ். தஞ்சாவூரிலிருந்து வரும் சிவப்பு வண்டி, பதினொன்று இருபது, எப்போதோ நின்றுபோய்விட்டது. அந்தக் காலத்தில் சோறு தின்னும்போது அவர் தானாகப் பேசுகிற ஒரே பேச்சு அதுதான். "மாலினி இன்னிக்கும் டயத்துக்கு வந்துட்டா." ஒரு நாள்கூடத் தாமதமாகாத வண்டியாம். பெண்டாட்டிக்குப் பேர் வைக்க ஒரு பஸ்தான் கிடைத்ததா என்று ஆத்திரமும், அவருக்குப் பிடித்த வேறெதுவும் தனக்கு ஞாபகம் வரவில்லையே என்ற திகைப்பும் சேர்ந்து வந்தது.

போன் கேட்டது, "புத்தகத்தின் நடுப்பகுதிக்கு ஒரு முக்கியமான நாள் வேண்டும். மாலினியின் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் உண்டா?" தையல்நாயகி ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு பிடுங்காமல் இருந்தாள். சொல்லிவிடாதீங்க, என்று மனசுக்குள் சொன்னாள், என்ன நாளைச் சொல்லப் போகிறார் என்று தெரிவதற்கு முன்னாலேயே. "இருக்கு" என்றார் அவர். "மாலினிக்கு ஆஸ்பத்திரியில வேலைன்னு ஆர்டர் வந்துச்சு. புதுக்கோட்டையில. எழுதிப் போட்டு மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு. திங்கக்கிழமை போயி சேரணும். கொழந்தைக்கு அப்ப ஒன்றரை வயசு." நாகப்பட்டினம். டெலிபோன் ஆபீஸ். தையல்நாயகிக்கு அந்தக் கடிதத்தின் பழுப்பு உறைகூடக் கண்ணில் வந்தது, அதை அவள் முந்தானையில் துடைத்துத் துடைத்துப் படித்ததும். பெட்டி கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் முகத்தைப் பார்த்தாள். போ என்று சொன்னால் போவாள். போகாதே என்று சொன்னால் சண்டை போட்டுவிட்டுப் போவாள், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அவர் ஒன்றுமே சொல்லாமல் திங்கட்கிழமை விடியக்காலை டியூட்டிக்குப் போய்விட்டார். அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பூங்கொடி காலடியில் உட்கார்ந்து பெட்டியின் பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது அடித்தது, ஒன்பதரை அடித்தது. அப்புறம் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். மத்தியானம் அவர் வந்து சாப்பிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சந்தோஷம்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தை மன்னிக்காமல் அவள் இத்தனை வருஷம் ரசம் வைத்தாள், சட்டை துவைத்தாள்.

"ஒன்பது பத்துக்குப் புதுக்கோட்டை வண்டி" என்றார் அவர். "ஜன்னலோரமா ஒரு சீட்டுல என் துண்டைப் போட்டு வெச்சுட்டேன். கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேன், ஒரு பொம்பளை கைக்கொழந்தையோட வரும், எடம் குடுன்னு. ஒன்பது பத்து ஆச்சு. வரலை. நான் விசில் குடுக்கலை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். பன்னெண்டு ஆச்சு, பதிமூணு ஆச்சு. ஒன்பது பதினாலுக்குத்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன். ரிஜிஸ்டர்ல ஒன்பது பத்துன்னு எழுதிட்டேன். என் சர்வீஸ்ல அந்த ஒரு தடவைதாங்க பொய் எழுதியிருக்கேன்." தையல்நாயகியின் கையிலிருந்த பூ நசுங்கிப்போயிருந்தது. துண்டு போட்டாரா? ஜன்னலோரமா? அவள் பெட்டிமேல் உட்கார்ந்து இவர் வாய்க்காகக் காத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவர் அங்கே வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு இவள் காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாரா? ஒரு வார்த்தை. விடியக்காலை செருப்பு மாட்டும்போது 'ஒன்பது பத்துக்கு வந்துரு' என்று மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் வாழ்க்கை நாகப்பட்டினத்தில் ஹலோ ஹலோ என்று இருந்திருக்கும். அந்த நாலு நிமிஷமும் இப்போது மாலினிக்குப் போயிற்று. அவளுக்காகத்தான் வண்டி நின்றது, அவளுக்காகத்தான் பொய் எழுதினார். போன் மறுபடி கேட்டது, நல்ல பிள்ளை போல, யாருக்கும் எதுவும் ஆகாதது போல. "மனதைத் தொடும் நிகழ்வு. அன்று மாலினி ஏன் வரவில்லை? அவர் மனதில் என்ன இருந்தது?"

"தெரியாதுங்க" என்றார் அவர். "நான் கேக்கலை." அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். அடுக்களை நிலைப்படியில் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார், கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவாள், அழுதால் அதையும் போய்ச் சொல்லிவிடுவார்.

"இந்தா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கு, நாகப்பட்டினம் ஆர்டர் வந்தப்ப. நீ ஏன் போகலை? மனசுல என்ன நெனச்ச?"

முப்பத்து மூன்று வருஷமாக அவள் இந்தக் கேள்விக்கு நாக்கில் பதில் வைத்திருந்தாள். அடுப்படியில், மொட்டைமாடியில், பூங்கொடியின் பிரசவத்துக்குக் காத்திருந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒரு சமயம் கோபமாக, ஒரு சமயம் சாதாரணமாக. கேட்கத்தான் ஆளில்லை. இப்போது ஆள் வந்து நிற்கிறது, ஆனால் அனுப்பியவள் வேறு.

"இதை நீங்க கேக்குறீங்களா, அது கேக்குதா?"

அவர் யோசித்தார். யோசிக்கிற மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. நான்தான் என்று ஒரு பொய் சொல்லுங்களேன், இன்னொரு தடவை ஒன்பது பத்து என்று எழுதுங்களேன்.

"அதுதான் கேட்டுச்சு" என்றார். "எனக்குத் தோணலை."

"ஞாபகமில்லைங்க" என்றாள் தையல்நாயகி. "எந்தக் காலத்துக் கதை."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். போகட்டும். தூணைக் கொடுத்தாயிற்று, நாலு நிமிஷத்தைக் கொடுத்தாயிற்று, ஜன்னலோரச் சீட்டையும் துண்டோடு கொடுத்தாயிற்று. அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தையும் ஏன் கொடுக்கவேண்டும்? அது ஒன்றுதான் மாலினியிடம் இல்லாதது. செத்தாலும் கொடுக்கமாட்டாள். இவளே வைத்துக்கொண்டு கட்டையில் போவாள். பிடுங்கிப் போட்ட கள்ளன்களைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்தாள், மடித்ததை மறுபடி பிரித்தாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல். கூடத்தில் அவர் போனிடம், "அவளுக்கு ஞாபகமில்லையாம்" என்றார். அது உடனே பரிவாகச் சொன்னது, "பரவாயில்லை. குடும்பமும் குழந்தையும்தான் முக்கியம் என்று மாலினி மகிழ்ச்சியோடு அந்த வேலையைத் துறந்ததாக எழுதலாமா? வாசிப்பவர்களுக்கு அது நிறைவாக இருக்கும்." தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்றது. மகிழ்ச்சியோடு! எழுதிவிடுவார். நல்லாயிருக்கு, போடுங்க என்பார். பத்துப் பக்கமாக அச்சாகி நூலக மேசையில் கிடக்கும், பூங்கொடி படிப்பாள், அம்மா மகிழ்ச்சியோடு துறந்தாள் என்று. அதுதான் கடைசியில் நிற்கும். அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததற்குச் சாட்சி யார்?

"வேணாங்க" என்றார் அவர்.

"வேறு விதமாக எழுதித் தரட்டுமா?"

"எந்த விதமாவும் வேணாம். அவ என்ன நெனச்சான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களா ஒண்ணு எழுதுனா அது பொய்யாயிரும். நான் ஏற்கனவே ஒண்ணு எழுதிட்டேன், போதும்." கனைத்துக்கொண்டார், கனைப்பு சரியாக வரவில்லை. "அந்த எடத்தைக் காலியா விட்ருங்க."

"எவ்வளவு இடம் விடட்டும்?"

"ஒரு பக்கம். முழுசா விடுங்க. அது அவ எழுதவேண்டியது. எழுதலைன்னா அப்படியே கெடக்கட்டும்."

தையல்நாயகி கருத்த விரல்களை முந்தானையில் துடைத்தாள். கறை போகாது என்று தெரிந்தும் அழுத்தித் துடைத்தாள். கூடம் அதிரக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. அந்தப் போனை அங்கயே வெச்சிட்டு வாங்க."